ஏரித் தீவு ஒன்றின் மக்கள் பதிவேட்டை எழுதுவது எப்படி: பழவேற்காடு எல்லைப் பகுதிக்கான செய்முறை

தமிழக, ஆந்திர எல்லையில் இருக்கும் பழவேற்காடு ஏரியில் ஒரு தீவையோ திட்டையோ தேர்ந்தெடுத்து, அங்கே வாழும் எல்லா மக்களையும் பற்றி ஒரு பதிவேடு எழுத விரும்பும் ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், ஊர் இளைஞர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறோம். பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது, “சாதி, மதம், தாய்மொழி” என்று மூன்று கட்டம் போட்ட ஒரு படிவத்தை அச்சடித்துக்கொண்டு படகு ஏறுவது. அந்தப் படிவம் இந்த ஏரியில் செல்லாது. இங்கே ஒரே வீட்டில் மாமியார் தெலுங்கு, மருமகள் தமிழ், பேரன் படிப்பது இன்னொன்று. ஒரே தொழில் செய்யும் ஒரே உறவுமுறைக் கூட்டத்துக்கு எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு பெயர், அந்தப் பக்கம் வேறு பெயர். ஒருவரோடு ஒருவர் எந்த மொழியில் பேசுகிறார்கள், எந்த முறை சொல்லிக் கூப்பிடுகிறார்கள், எந்தத் தண்ணீரில் யாருக்கு எந்த நாள் என்று கேட்டு எழுதினால்தான் அந்தச் சமூகம் தாளில் வரும்.

முதல் முயற்சிக்கு இருநூறு வீட்டுக்கு மேல் போகாத ஒரே ஒரு ஊரை எடுங்கள். இருக்கம் தீவை எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறோம்; அங்கே வீடுகள் அதைவிட அதிகம் என்றால் ஒரு பகுதியை மட்டும் எடுங்கள். அது ஆந்திராவில், திருப்பதி மாவட்டம் தடா மண்டலத்தில் இருக்கிறது, பேச்சு தமிழ். தடா பக்கம் பீமுலவாரிபாளையம் படகுத்துறையில் இருந்து போகலாம். ஸ்ரீஹரிகோட்டாவைத் தொடாதீர்கள். அது விண்வெளி மையத்தின் கட்டுப்பாட்டில் உள்ள தீவு. அனுமதி இல்லாமல் உள்ளே போகவோ, படம் எடுக்கவோ, ட்ரோன் பறக்கவிடவோ கூடாது. ராக்கெட் ஏவும் நாட்களில் அந்தப் பக்கத்துத் தண்ணீரிலும் படகுக்குத் தடை இருக்கும். ஆகவே நாள் குறிக்கும் முன் ஏவுதல் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படகு ஏறுவதற்கு முன்: எந்த அலுவலகத்தில் எந்தக் காகிதம்

பாதிப் பேர் இங்கேயே வழி தவறுகிறார்கள். ஊர் நகரவில்லை, அதன் மேல் இருந்த எல்லைகள்தாம் நகர்ந்தன. கீழே உள்ள ஆண்டுகளை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

1953 அக்டோபர் 1 வரை நெல்லூரும் செங்கல்பட்டும் ஒரே சென்னை மாகாணம். அன்று ஆந்திர மாநிலம் பிரிந்தது. 1956 நவம்பர் 1இல் அது ஆந்திரப் பிரதேசம் ஆனது. 1960 ஏப்ரல் 1இல் எல்லை மாற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்து, திருத்தணி இந்தப் பக்கமும் சத்தியவேடு அந்தப் பக்கமும் போயின. 1985இல் ஆந்திராவில் தாலுகா போய் மண்டலம் வந்தது. 1997இல் செங்கல்பட்டில் இருந்து திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தது. பழவேற்காடு அடங்கிய பொன்னேரி வட்டம் அதில் சேர்ந்தது. 2022 ஏப்ரல் 4இல் திருப்பதி மாவட்டம் உருவாகி, நெல்லூரில் இருந்த தடா, சூளூர்பேட்டைப் பகுதிகள் அதற்குள் வந்தன.

இதனால் என்ன ஆகும் என்றால், இருக்கம் தீவின் 2011 மக்கள்தொகைக் கணக்கைத் திருப்பதி மாவட்டத்தில் தேடினால் கிடைக்காது, நெல்லூரில் தேட வேண்டும். பழவேற்காட்டின் 1991 கணக்கைத் திருவள்ளூரில் தேடினால் கிடைக்காது, அது செங்கல்பட்டுக் கணக்கில் இருக்கும். 1950க்கு முந்தைய காகிதம் என்றால் இரண்டு ஊருக்கும் சென்னையில்தான் முதலில் தேட வேண்டும்.

நிலக் காகிதத்துக்கும் சொல் வேறு. தமிழகப் பக்கம் பட்டா, சிட்டா, அடங்கல் என்று கேட்க வேண்டும்; பார்க்க வேண்டியவர் கிராம நிர்வாக அலுவலர். ஆந்திரப் பக்கம் அடங்கல், 1-பி என்னும் நில உரிமைப் பதிவு, பட்டாதார் பாஸ்புக். பார்க்க வேண்டியவர் வி.ஆர்.ஓ., அதாவது கிராம வருவாய் அலுவலர். அங்கே 2019இல் கிராம சச்சிவாலயம், அதாவது கிராமச் செயலகம், வந்துவிட்டதால் ரேஷன், ஓய்வூதியம், சாதிச் சான்று எல்லாம் எந்தக் கூரையின் கீழ் நடக்கிறது என்று முதலில் அங்கேயே விசாரித்துவிடலாம். மேல் அலுவலகத்துக்கு ஓடி வெயிலில் நிற்க வேண்டியதில்லை.

ஆள், பொருள், நேரம்

நான்கு பேர் போதும், இரண்டு சோடி. ஒவ்வொரு சோடியிலும் ஒருவருக்குத் தெலுங்கு பேசவும் எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தெரிய வேண்டும். ஒவ்வொரு சோடியிலும் ஒரு பெண் இருப்பது கட்டாயம். ஆண்கள் மட்டும் போனால் பகல் நேரத்தில் பாதி வீட்டு வாசலிலேயே நிற்பீர்கள். வீட்டில் இருக்கும் பெண்கள் பேச மாட்டார்கள், பேசக்கூடிய ஆண்கள் ஏரியில் இருப்பார்கள்.

ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம் வையுங்கள். ஒரு சோடி ஒரு நாளில் எட்டு வீடு செய்யலாம்; பத்துக்கு ஆசைப்பட்டால் கடைசி இரண்டு தாளும் வெறும் “ஆம், இல்லை” என்று இருக்கும். இருநூறு வீட்டுக்கு இரண்டு சோடி பதின்மூன்று நாள். பூட்டிய வீடுகளுக்குத் திரும்பிப் போக மூன்று நாள் கூட்டுங்கள். பதினாறு நாளையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டாம். நான்கு நான்கு நாளாகப் பிரித்தால் இடையில் தாளைப் படித்துப் பார்த்து விட்டதைப் பிடிக்கலாம்.

எடுத்துப் போக வேண்டியவை: சோடிக்கு 200 பக்கக் கட்டை நோட்டு ஒன்று, வீட்டுக்கு இரண்டு பக்கம் வீதம். பால் பாயின்ட் பேனா. ஜெல் பேனா உப்புக் காற்றில் ஈரத்தோடு இழுகிவிடும். மீன் வைக்கும் பிளாஸ்டிக் டப்பா, இறுக்கமான மூடியோடு, நோட்டு வைக்க. ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிநீர். ஏரித் தீவுகளில் நல்ல தண்ணீர் அரிது. அவர்கள் தூக்கி வந்து வைத்திருக்கும் குடத்தில் கை வைக்காதீர்கள்.

பருவமும் பார்க்க வேண்டும். ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். கோடையில் இன்னும் வற்றி, படகு சேற்றில் தட்டி, கழி ஊன்றித் தள்ள வேண்டி வரும். அரை மணிப் பயணம் இரட்டிப்பாகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும். ஜனவரி முதல் மார்ச் வரை சரியான காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடலில் விசைப்படகுத் தடைக்காலம். அப்போது வெளியே போன ஆண்கள் பலர் ஊரில் இருப்பார்கள் என்பதால் விடுபட்ட வீடுகளுக்கு அந்தச் சமயம் உதவும். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரை முதல் இரண்டு வரை முஸ்லிம் வீடுகளுக்கும், ஞாயிறு காலை கிறிஸ்தவ வீடுகளுக்கும் போகாதீர்கள். எந்த நாளானாலும் கடைசிப் படகு எப்போது என்று இறங்கியவுடனே கேட்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே நோட்டை மூடுங்கள்.

இறங்கியதும்

முதலில் ஊர்ப் பெரியவர்களைப் பாருங்கள், பஞ்சாயத்துத் தலைவரை மட்டும் அல்ல. மீனவக் குப்பங்களில் தேர்தலில் வென்றவர் ஒருவர், ஊர்க்கூட்டம் கூட்டுபவர் வேறொருவர். ஒருவரைப் பார்த்துவிட்டு மற்றவரை விட்டால், நீங்கள் ஒரு கட்சியின் ஆள் என்று அன்று மாலைக்குள் பேச்சு பரவிவிடும். பள்ளிவாசல் ஜமாத்தார், கோவில் தர்மகர்த்தா, தேவாலயத்தார், பழங்குடிகளான யானாதி அல்லது இருளர் குடியிருப்பில் மூத்தவர் ஒருவர் என்று நான்கு இடத்திலும் அதே நாளில் தலைகாட்டுங்கள். எல்லா இடத்திலும் ஒரே வாசகத்தைச் சொல்லுங்கள்: எதற்காக எழுதுகிறோம், யாரிடம் கொடுப்போம், யாரிடம் கொடுக்க மாட்டோம்.

கூப்பிடும் முறையில் கவனம் வேண்டும். “அண்ணே, அக்கா, பெரிம்மா” இந்தப் பக்கம் எல்லோருக்கும் செல்லும். தெலுங்கு வீட்டில் “அன்னா, அக்கா, அவ்வா” என்றால் முகம் மலரும். முஸ்லிம் வீட்டாரை வெளியாட்கள் எல்லோரும் “பாய்” என்பார்கள். அவர்கள் தங்களுக்குள் என்ன சொல்லிக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள் என்று கேட்டு அதைச் சொல்லுங்கள். யானாதி, இருளர் குடியிருப்பில் வயதானவரைக்கூட ஊரார் ஒருமையில் கூப்பிடுவது உங்கள் காதில் விழும். நீங்கள் அப்படிக் கூப்பிடக் கூடாது. “ஐயா, அம்மா, வாங்க, சொல்லுங்க” என்றே பேசுங்கள். யார் யாரை ஒருமையில் அழைக்கிறார்கள் என்பதைப் பின்னால் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஊரின் மேல்கீழ் முழுவதும் அந்த “வா, வாங்க”வில் இருக்கிறது. நேரில் கேட்டால் “எங்க ஊர்ல அப்படி எதுவும் இல்ல” என்றுதான் பதில் வரும்.

மொழியை எப்படிக் கேட்பது

“உங்கள் தாய்மொழி என்ன?” என்று கேட்டால் ஒரு சொல்லில் பதில் வரும், அது பெரும்பாலும் கேட்பவருக்காகச் சொல்லப்படும் பதில். தமிழ் பேசிக்கொண்டு வந்தவருக்குத் தமிழ், தெலுங்கு பேசிக்கொண்டு வந்த அதிகாரிக்குத் தெலுங்கு. அதற்குப் பதிலாக எட்டு இடங்களைக் கேளுங்கள்: கணவன் மனைவிக்குள், குழந்தையைத் தூங்க வைக்க, பிள்ளைகள் தங்களுக்குள், பள்ளிப் பாடம், வலை இழுக்கும்போது, மீன் விற்கும்போது, சாமி கும்பிட, அரசு அலுவலகத்தில். ஒன்பதாவதாக ஒன்றைக் கேட்காமல் காதால் கேளுங்கள்: அவர்கள் எதையாவது எண்ணும்போது எந்த மொழியில் எண்ணுகிறார்கள். நண்டு எண்ணும் பெண் “ஒக்கட்டி, ரெண்டு, மூடு” என்று எண்ணுகிறாரா, “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்றா? வீட்டில் தமிழே பேசி எண்ணிக்கை மட்டும் தெலுங்கில் போனால், அந்தக் குடும்பம் தெலுங்கு வியாபாரியோடு நெடுநாள் பழகியதா, பள்ளியில் தெலுங்கு படித்ததா என்று அடுத்த கேள்வி தானாகப் பிறக்கும்.

பிறகு பன்னிரண்டு உறவுச் சொற்கள்: அப்பா, அம்மா, அப்பாவின் அப்பா, அம்மாவின் அம்மா, அண்ணன், அக்கா, அம்மாவின் தங்கை, அப்பாவின் அக்கா, அம்மாவின் அண்ணன், அண்ணன் மனைவி, அக்கா கணவர், மகனின் மனைவி. ஒவ்வொன்றுக்கும் அந்த வீட்டில் வாயில் வரும் சொல்லை அப்படியே எழுதுங்கள். சித்தியா பின்னியா, அண்ணியா வதினயா, மச்சானா பாவயா, மருமகளா கோடலா? அப்பாவுக்கு அப்பா, நாயனா, வாப்பா, அத்தா என்று நான்கு சொல்லும் இந்த வட்டாரத்தில் காதில் விழலாம். தமிழ் பேசும் வீட்டில் “வதின” மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால், அண்ணிமார் எந்த ஊரில் இருந்து வந்தார்கள் என்று பாருங்கள். பெண் எடுத்த திசை அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிடும்.

ஒரு வீட்டுத் தாள் எழுதி முடித்தபின் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி, விளக்கத்துக்காக நாங்கள் அமைத்தது:

“வீடு 17. ஆள் 6. கணவன் மனைவிக்குள் தமிழ். மாமியார் மருமகளிடம் தெலுங்கு, மகனிடம் தமிழ். பிள்ளைகள் தங்களுக்குள் தமிழ், திட்டும்போது தெலுங்கு. பாடநூல் தெலுங்கு. ரேஷன் அட்டை தெலுங்கு. வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவர் மூத்த பெண் மட்டும். மீன் போவது தமிழக வியாபாரிக்கு, பேச்சு தமிழ், கணக்கு நோட்டு தமிழ். எண்ணுவது தமிழ். நாள் பார்ப்பது தமிழ் காலண்டர். பெண் எடுத்தது கடலோரத் தெலுங்கு ஊர். தாலாட்டு: மாமியார் பாடுவது தெலுங்கு, மருமகள் பாடுவதில்லை, செல்போனில் தமிழ்ப் பாட்டு வைக்கிறார்.”

இந்தத் தாளில் “தாய்மொழி” என்ற கட்டமே இல்லை. அப்படி ஒரு கட்டம் இருந்திருந்தால் மற்ற எல்லாமே அதற்குள் அமுங்கிப் போயிருக்கும்.

பெயர்: இரட்டிப்பு எண்ணிக்கை வரும் இடம்

தெலுங்கு வழக்கில் இண்டிபேரு, அதாவது வீட்டுப்பெயர், ஆளின் பெயருக்கு முன்னால் வரும். தமிழ் வழக்கில் முன்னால் வருவது அப்பா பெயரின் தலையெழுத்து. ஆந்திர அட்டையில் வீட்டுப்பெயரோடு இருக்கும் அதே ஆள், தமிழகப் பள்ளிச் சான்றில் அப்பாவின் தலையெழுத்தோடு இருப்பார். அட்டைகளை வைத்து எண்ணினால் ஒருவர் இருவராகிவிடுவார். அதோடு எழுத்துப் பிரச்சினை: தெலுங்கில் ழகரம் இல்லாததால் ளகரமோ டகரமோ வரும், தமிழில் ஒரே பகரம், தெலுங்கில் அதற்கு நான்கு எழுத்து. தெலுங்கில் இருந்து தமிழுக்கும், பிறகு ஆங்கிலத்துக்கும் போய் வந்த பெயர் அடையாளம் தெரியாமல் போகும்.

இதற்கு வழி: அட்டையைப் பார்த்து எழுதாதீர்கள். வாயால் சொல்லச் சொல்லி, காதில் விழுந்தபடி தமிழில் எழுதி, திரும்பப் படித்துக்காட்டுங்கள். வீட்டுப்பெயர் இருக்கிறதா என்று எல்லோரிடமும் கேளுங்கள், தமிழ்க் குடும்பத்திடமும். ஆந்திரப் பக்கத்தில் தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பள்ளியில் சேர்க்கும்போது ஒரு வீட்டுப்பெயரை ஏற்றுக்கொண்டிருக்கலாம். அது எப்போது வந்தது என்பதே ஒரு வரலாறு. அட்டை எண், வாக்காளர் எண், ஆதார் எண் எதையும் குறிக்கவே கூடாது. எல்லையோரத்தில் இரண்டு பக்கமும் உறவும் வீடும் உள்ளவர்களுக்கு அந்த எண்கள் வெளியே போனால் தீங்கு வரும், அதைத் தடுக்க உங்களால் முடியாது.

வயதும் மாதமும்

ஐம்பதைத் தாண்டியவர்களிடம் வயது கேட்டால் உத்தேசம்தான் வரும். நிகழ்ச்சியைச் சொல்லிக் கேளுங்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் முதல் ராக்கெட் ஏவியது 1971 அக்டோபர். என்.டி.ஆர். ஆந்திர முதல்வரானது 1983 ஜனவரி. ஸ்ரீஹரிகோட்டா அருகே பெரும்புயல் கரை கடந்தது 1984 நவம்பர். இந்திரா காந்தி இறந்த சில நாளில் அடித்த புயல் என்றால் பளிச்சென்று நினைவு வரும். எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர். ஆழிப்பேரலை 2004 டிசம்பர் 26. வார்தா புயல் 2016 டிசம்பர். “அப்போ உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? கையில குழந்தை இருந்துச்சா?” என்று கேட்டால் இரண்டு மூன்று வருடத் துல்லியத்தில் வயது வந்துவிடும். எந்த நிகழ்ச்சியை அவர்களாகவே முதலில் சொல்கிறார்கள் என்பதையும் ஓரத்தில் குறியுங்கள். என்.டி.ஆரை வைத்து ஆண்டு சொல்லும் வீடும் எம்.ஜி.ஆரை வைத்துச் சொல்லும் வீடும் அடுத்தடுத்து இருக்கக்கூடும்.

மாதத்தில் ஒரு பொறி இருக்கிறது. தமிழ் மாதம் சூரியனைப் பார்த்தது, தெலுங்கு மாதம் நிலவைப் பார்த்தது. யுகாதி தமிழ்ப் புத்தாண்டைவிடச் சில நாளோ, ஏறக்குறைய ஒரு மாதமோ முந்தி வரும். ஆகவே ஒருவர் சொல்லும் “ஆஷாடம்” இன்னொருவரின் “ஆடி”க்குச் சமம் இல்லை. ஹிஜ்ரி ஆண்டு 354 நாள்தான் என்பதால் முஸ்லிம் வீட்டில் சொல்லும் மாதம் ஆண்டுதோறும் சுமார் பதினொரு நாள் முன்னால் நகரும். திருவிழாத் தேதி எழுதும்போது எந்தக் கணக்கு என்று பக்கத்தில் ஓர் எழுத்துப் போடுங்கள்: தமிழுக்குத் த, தெலுங்குக்குத் தெ, ஹிஜ்ரிக்கு ஹி, ஆங்கிலத்துக்கு ஆ.

சமூகப் பெயரும் தண்ணீர் உரிமையும்

இதை இரண்டாவது சந்திப்பில் மட்டும் கேளுங்கள். முதல் நாளே சாதி கேட்டால் “இவங்க கணக்கெடுத்து என்ன பண்ணப் போறாங்க” என்ற பயம் வரும். கேட்கும்போது மூன்று பெயர் கேளுங்கள்: நீங்கள் உங்களைச் சொல்லிக்கொள்வது, ஊரார் உங்களைச் சொல்வது, சான்றிதழில் இருப்பது. மூன்றும் ஒன்றாக இருந்தால் அது எளிய வீடு. இந்த ஏரியில் அப்படி அமைவது குறைவு.

தமிழகப் பக்கம் மீனவர் பட்டினவர் எனப்படுவர். நெல்லூர்க் கடலோரத்தில் வீட்டில் தமிழ் பேசும் மீனவருக்குப் பட்டபு என்று பெயர். ஆந்திராவின் பழங்குடிப் பட்டியலில் இருப்பது யானாதி, தமிழகப் பட்டியலில் இருப்பது இருளர். எல்லையைத் தாண்டிக் குடியேறிய குடும்பத்துக்கு அந்தச் சான்று கூடவே வராது. பிள்ளையின் படிப்பு நிற்பதற்கு இதுவே காரணமாகிறது. ஆகவே “எந்தப் பெயர்” என்பதோடு “எந்த மாநிலச் சான்று, இல்லையென்றால் எங்கே நின்றது” என்பதையும் எழுதுங்கள். நீங்கள் எழுதும் பதிவேட்டில் யாருக்காவது நேரடிப் பயன் உண்டு என்றால் அது இந்த வரியில்தான்.

பழவேற்காட்டு முஸ்லிம்களில் மரைக்காயர், லெப்பை என்ற பெயர்கள் வழங்குகின்றன. அரபு நாட்டில் இருந்து முன்னோர் வந்தார்கள் என்ற மரபுக் கதையும் அரபு எழுத்தில் தமிழ் எழுதிய பழக்கமும் இங்கு உண்டு. அரபுத்தமிழ் ஏடு எதையாவது எடுத்துக் காட்டினால் தொட்டுப் புரட்டாதீர்கள்; அவர்களே பக்கம் திருப்பட்டும், படம் எடுக்கலாமா என்று கேளுங்கள். இங்கே முஸ்லிம் பெண்கள் பனையோலையில் பின்னும் பெட்டிகள் பெயர் பெற்றவை; அதைத் தொழில் கட்டத்தில் எழுதுங்கள். “வீட்டு வேலை” என்று எழுதிவிடும் தவறு எல்லாக் குழுவிலும் நடக்கிறது.

பாடு என்ற முறையை விளங்கிக்கொள்ளாமல் இந்த ஏரியின் எந்த ஊரைப் பற்றியும் எழுத முடியாது. ஏரியில் இறால் வரத்துள்ள இடங்களைப் பிரித்து, எந்த நாள் எந்த இடத்தில் யார் சுத்துவலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைப்பதே பாடு. முறையில் இடம் பெறும் அலகு தலைக்கட்டு. பொதுவாகத் திருமணமான ஆண். கேட்க வேண்டியவை: தலைக்கட்டில் எப்போது பெயர் சேரும்? எவ்வளவு வரி? கணவர் இறந்தால் மனைவிக்குப் பங்கு உண்டா? வெளியூருக்கு வேலைக்குப் போனவர் தன் முறையை இன்னொருவருக்குக் கொடுக்கலாமா? தண்டம் யார் போடுகிறார்? யாருக்குப் பாடு இல்லை?

கடைசிக் கேள்வி முக்கியம். பாடு இல்லாதவர்கள் இல்லாமல் ஏரி இல்லை. இருளர், யானாதிப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால், ஓலையில் பின்னிய பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். விரலில் இறால் பட்டதும் கை மேலே வந்து அதைப் பறிக்குள் போட்டுவிட்டுத் திரும்பக் கீழே போகும். பறி வாயில் இருக்கும்வரை பேச முடியாது. அந்த நேரத்தில் கரையில் இருந்து கேள்வி கேட்பதும் படம் எடுப்பதும் அவமதிப்பு. கரையேறி, இறாலை விற்று, சோறு பொங்கிய பிறகு போங்கள். கை வெட்டு, முள் குத்து, தோல் அரிப்பு, நாளுக்கு எத்தனை மணி நேரம், எவ்வளவு விலை, யாரிடம் முன்பணம் என்று கேட்டு எழுதுங்கள். வலைக்காரர்களோடு இவர்களுக்குத் தகராறு வருவது உண்டு. இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லி “உண்மையா” என்று கேட்காதீர்கள். பாடு இடங்களின் வரைபடத்தை ஊருக்குள் மட்டும் வையுங்கள். தமிழக, ஆந்திர மீனவர்களுக்கிடையே எல்லைத் தகராறு வரும் தண்ணீர் இது, வெளியே போன வரைபடம் சண்டைக்குச் சாட்சியாகிவிடும்.

விழாக்களுக்கு அரைப் பக்கம் போதும், ஆனால் ஒரே ஒரு கேள்வியை விடாதீர்கள்: உங்கள் விழாவில் மற்றவர்களுக்கு என்ன வேலை? ஏரியின் வேநாடு தீவில் உள்ள தர்காவின் விழாவைத் தெலுங்கில் கந்தம் என்பார்கள், தமிழில் சந்தனக்கூடு. பழவேற்காட்டின் மகிமை மாதா ஆலயம் 1515இல் தொடங்கியதாகச் சொல்லப்படுவது. கங்கையம்மன் இரண்டு மொழிக்கும் பொது. படகு யார் கொடுக்கிறார், பந்தல் யார் போடுகிறார், மேளம் யார், முதல் மரியாதை யாருக்கு என்று எழுதினால் போதும். “எல்லா மதத்தினரும் ஒற்றுமையாகக் கொண்டாடுகிறார்கள்” என்ற வரியை எழுதாதீர்கள். உதவி எங்கே உண்டு, எங்கே இல்லை என்று காட்டுங்கள்.

பழைய வரலாறு: எவ்வளவு சேர்ப்பது

டச்சுக்காரர்கள் 1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் இதுவே, பிறகு நாகப்பட்டினம் போனது. 1825இல் பிரிட்டிஷார் கைக்கு வந்தது. இங்கிருந்து துணி கிழக்கே போனது. பழையகாட் கைலி என்ற பெயரில் இந்த ஊர் இன்னும் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் அடிமையாக்கப்பட்ட மனிதர்களும் இங்கிருந்து படேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேற்றப்பட்டார்கள். டச்சுக் கல்லறைத் தோட்ட வாசலின் எலும்புக்கூட்டுச் சிற்பத்தைப் படம் எடுக்கும் குழுக்கள் இந்தச் செய்தியை எழுதாமல் விட்டுவிடுகின்றன. விடாதீர்கள்.

இரண்டு பக்கத்துக்கு மேல் இதற்குக் கொடுக்க வேண்டாம். எந்த வீட்டையும் “டச்சு வம்சம்”, “விஜயநகர வம்சம்” என்று நீங்களாக ஒட்டவைக்காதீர்கள். அவர்கள் சொன்னால் “சொல்கிறார்கள்” என்று எழுதுங்கள். ஸ்ரீஹரிகோட்டா கையகப்படுத்தப்பட்டபோது இடம்பெயர்ந்த குடும்பம் ஏதாவது ஊரில் இருந்தால், அவர்களுக்குத் தனித்தாள்: விட்டுவந்த ஊர்ப் பெயர், பக்கத்து வீட்டார் பெயர்கள், கிணறு, கோவில், மரம். அந்த ஊர்ப் பெயர்களைச் சொல்லக்கூடியவர்களின் வயது ஏறிக்கொண்டே போகிறது. முதல் நாலு நாளில் இவர்களின் தாளை முடித்துவிடுங்கள்.

கூட்டிப் பார்ப்பது

சதவிகிதம் போடாதீர்கள். நூற்றைம்பது வீட்டில் மூன்று வீடு என்பதை “2 சதவிகிதம்” என்று எழுதினால் அந்த மூன்று வீடும் மறைந்துவிடும். வீட்டு எண்ணிக்கையாகவே எழுதுங்கள். அதே சமயம் ஐந்து வீட்டுக்குக் குறைவான எந்தக் கூட்டத்தையும் வெளியே கொடுக்கும் பிரதியில் தனி வரியாகப் போடக் கூடாது. “ஒரே ஒரு வீடு” என்று எழுதினால் ஊரில் எல்லோருக்கும் அது யார் வீடு என்று தெரியும். ஊர்ப் பிரதியிலும் பெயருக்குப் பதில் வீட்டு எண்தான். எண்ணையும் பெயரையும் இணைக்கும் தாள் ஒன்றே ஒன்று, ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்யும் ஒருவரிடம் இருக்க வேண்டும்.

மொழிக்கு ஒரு பெரிய தாளில் வீடுகள் கீழே, எட்டு இடங்கள் குறுக்கே என்று கட்டம் போட்டு, தமிழுக்குச் சிவப்பு, தெலுங்குக்குப் பச்சை, உருதுக்கு நீலம், இரண்டும் கலந்தால் இரண்டு கோடு என்று வண்ணம் தீட்டுங்கள். தெருவரிசையிலேயே வீடுகளை அடுக்குங்கள். நிறம் எங்கே மாறுகிறது என்பது அப்போதுதான் தெருவோடு சேர்த்துக் கண்ணுக்குத் தெரியும்.

ஊரில் படித்துக் காட்டுவது

எழுதி முடித்த பதிவேட்டை ஊரில் சத்தமாகப் படிக்க வேண்டும், தமிழில் ஒரு முறை, தெலுங்கில் ஒரு முறை. ஒரே கூட்டமாக வைத்தால் பெரியவர்கள் மட்டும் பேசுவார்கள். பெண்களுக்குத் தனியாக, பாடு இல்லாதவர்களின் குடியிருப்பில் தனியாக, பொதுவில் ஒன்று என மூன்று கூட்டம் வையுங்கள். ஒரு கூட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம். திருத்தத்தை மேலே அடித்து எழுதாமல் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதி, எந்தக் கூட்டத்தில் வந்த திருத்தம் என்று குறியுங்கள். ஒரே விஷயத்துக்கு இரண்டு கூட்டத்தில் இரண்டு பதில் வந்தால் இரண்டையும் வையுங்கள்.

பிரதி மூன்று. ஒன்று ஊர்ப் பொது இடத்தில், ஒன்று பள்ளியில், ஒன்று உங்களிடம். தெர்மல் தாளில் அச்சடிக்காதீர்கள், இரண்டு கோடையில் எழுத்து மறைந்துவிடும். லேசர் அச்சில் எடுத்து, இரும்புப் பின் போடாமல் நூலால் தைத்துக் கொடுங்கள். இந்த உப்புக் காற்றில் பின் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். ஊர்ப் பிரதியின் கடைசியில் முப்பது வெற்றுப் பக்கம் விட்டுத் தையுங்கள், பிறப்பும் இறப்பும் வந்த மருமகளும் போன பிள்ளையும் எழுத. யார் எழுதுவது என்று அந்தக் கூட்டத்திலேயே கேட்டு, தமிழும் தெலுங்கும் எழுதத் தெரிந்த ஒரு பெண்ணின் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டுப் படகு ஏறுங்கள்.